லெம்மிக்குக் குடிபோகிறீர்களா? செயலியைக் கடைசியில் பாருங்கள்

"ரெடிட்டை விட்டுவிட்டு லெம்மிக்குப் போகலாம்னு இருக்கேன், எந்த ஆப் நல்லது?" இப்படிக் கேட்டு மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். (ரெடிட் என்பது தலைப்புக்கு ஒரு குழுவாகப் பிரிந்து எல்லாரும் எழுதி விவாதிக்கும் இணையத்தளம். லெம்மி அதற்கு ஒரு மாற்று.) கேள்வியில் தப்பில்லை. ஆனால் வீடு பார்ப்பதற்கு முன்பே ஜன்னல் திரைக்கு நிறம் பார்ப்பது போன்றது அது.

அந்தக் கேள்வி முதலில் வருவதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. ரெடிட் 2005இல் தொடங்கியது. இன்று கைபேசியில் நாம் பார்க்கும் அதன் சொந்தச் செயலி வந்ததோ 2016இல்தான். இடையில் ஸ்மார்ட்போன் வந்து ஊரே அதற்குள் குடியேறிவிட்டது. அந்த வருடங்களில் ரெடிட்டைக் கைபேசியில் படிக்கும்படி செய்து கொடுத்தவர்கள் வெளியாட்கள். ரெடிட் இஸ் ஃபன், பேகன்ரீடர், சிங்க், ஏலியன் ப்ளூ என்று பல செயலிகள். ஏலியன் ப்ளூவை 2014இல் ரெடிட்டே விலைக்கு வாங்கிக்கொண்டது. 2017இல் ஐபோனுக்கு அப்போலோ வந்தது. பலருக்கு ரெடிட் என்றால் இந்தச் செயலிகளில் ஏதோ ஒன்றுதான். ரெடிட்டின் சொந்த முகத்தையே பார்க்காமல் பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

2023 ஏப்ரலில், இனி ஏபிஐக்குக் காசு என்று ரெடிட் அறிவித்தது. ஏபிஐ என்பது செயலிகள் சர்வரிடம் பேசும் கவுன்ட்டர் மாதிரி. "அடுத்த 20 பதிவுகளைக் கொடு", "இந்த வாக்கைப் பதிந்துகொள்" என்று செயலி அங்கே போய்க் கேட்கும். மே கடைசியில் விலை தெரிந்தது: 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர். அப்போலோவை எழுதிய கனடாக்காரர் கிறிஸ்டியன் செலிக் கணக்குப் போட்டார். அவருடைய செயலியிலிருந்து மாதத்துக்கு 700 கோடி கோரிக்கைகள் போய்க்கொண்டிருந்தன. அதாவது மாதம் 16.8 லட்சம் டாலர், வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். ஒரு தனி ஆள் எங்கே போவார்? ஜூன் 12 அன்று 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கதவை அடைத்தன. ரெடிட் அசையவில்லை. ஜூன் 30 அன்று அப்போலோ நின்றது. சிங்க், பேகன்ரீடர், ரெடிட் இஸ் ஃபன் எல்லாம் கூடவே போயின.

அதனால்தான் வெளியே வந்தவர்களுக்குப் பறிபோனதாகத் தோன்றியது தளம் அல்ல, செயலி. புது இடத்திலும் முதலில் அதையே தேடினார்கள். ஆனால் செயலி ஏன் செத்தது? கவுன்ட்டர் ஒரே ஒரு முதலாளியின் கையில் இருந்தது. அவர் ஷட்டரை இழுத்துவிட்டார். லெம்மியில் அப்படி இழுக்க ஒற்றை ஷட்டர் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் மற்ற எல்லாமே, தொல்லைகள் உட்பட, அதிலிருந்துதான் வருகின்றன.

பத்திரிகை ஏஜென்ட் கணக்கு

லெம்மி என்பது ஒரு தளத்தின் பெயர் அல்ல, ஒரு மென்பொருளின் பெயர். 2019இல் தொடங்கியது. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, திறமூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். விருப்பமும் கொஞ்சம் பணமும் இருக்கும் யார் வேண்டுமானாலும் இதை இறக்கித் தன் சர்வரில் நிறுவி ஒரு மன்றத்தை நடத்தலாம். அப்படி நிறையப் பேர் நடத்துகிறார்கள். இந்தச் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. ட்விட்டர் மாதிரியான மாஸ்டடானும் இதையேதான் பேசுகிறது. அதனால் மாஸ்டடானில் இருப்பவர் லெம்மிப் பதிவுக்குப் பதில் எழுத முடியும். இப்படிப் பேசிக்கொள்ளும் மொத்தக் கூட்டத்துக்கும் ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

இதை விளக்க எல்லாரும் மின்னஞ்சலைத்தான் உதாரணம் சொல்வார்கள். ஜிமெயிலிலிருந்து யாகூவுக்கு அஞ்சல் போவதில்லையா, அது மாதிரி என்று. பாதி சரி. எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது பத்திரிகை ஏஜென்ட்.

ஒரு சின்ன ஊரில் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். ஊரில் யாரும் கேட்காத பத்திரிகையை அவர் தருவிப்பதில்லை. ஒரு நாள் ஒருவர் வந்து, வேறு ஊரில் அச்சாகும் ஏதோ ஒரு மாத இதழுக்குச் சந்தா கட்டுகிறார். அடுத்த மாதத்திலிருந்து கட்டு வந்து இறங்குகிறது. அதன் பிறகு அதே ஊரில் இரண்டாவது ஆள் கேட்டால் கடையிலேயே கிடைக்கும். முதல் ஆள் கேட்பதற்கு முந்தைய இதழ்கள்? மாதிரிக்கு நாலு வரலாம். மற்றதற்கு அச்சிட்ட ஊருக்குத்தான் போக வேண்டும்.

லெம்மியில் உங்கள் சர்வர்தான் அந்த ஏஜென்ட். குழுக்கள்தான் பத்திரிகைகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த ஊர் ஒன்று உண்டு, அதாவது அது தொடங்கப்பட்ட சர்வர். உங்கள் சர்வரில் யாராவது ஒருவர் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தால் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். யாருமே சேரவில்லையென்றால் உங்கள் தேடலில் அது தென்படாது. புதிதாக வந்தவர்கள் சின்னச் சர்வரில் சேர்ந்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்று நொந்துகொள்வது இதனால்தான். வழி எளிது. குழுவின் முழு முகவரியை உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். முகவரி என்றால் முதலில் ஆச்சரியக்குறி, அடுத்து குழுவின் பெயர், பிறகு மின்னஞ்சலில் போடும் அந்தச் சுழிக்குறி, கடைசியில் அதன் சர்வர். சில நொடிகளில் குழு வந்து நிற்கும். முதல் சந்தாதாரர் நீங்கள்.

உவமை ஓரிடத்தில் உடைகிறது. லெம்மியில் வாசகர் தன் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினால் அது அச்சகத்துக்குப் போய், அங்கிருந்து எல்லா ஊர்ப் பிரதிகளிலும் ஏறிவிடும். பின்னூட்டம் வேலை செய்வது அப்படித்தான். குழுவின் சொந்தச் சர்வர் ஒரு நாள் மூடப்பட்டால் ஊர் ஊராகப் போன பழைய பிரதிகள் அங்கங்கே இருக்கும், படிக்கலாம். ஆனால் புதிதாக எழுதுவது ஊரைத் தாண்டாது.

ஒரே பெயரில் பல குழுக்கள் இருப்பதும் இதனால்தான். டெக்னாலஜி என்ற பெயரில் லெம்மி டாட் வேர்ல்டு என்ற சர்வரில் ஒன்று, லெம்மி டாட் எம்எல்லில் ஒன்று, பீஹாவில் இன்னொன்று. எது "உண்மையான" குழு என்று கேட்காதீர்கள். ஒரு ஊரில் மூன்று பிள்ளையார் கோயில் இருப்பதில்லையா, அப்படித்தான். மூன்றிலும் சேருங்கள், இரண்டு வாரத்தில் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

எந்தச் சர்வர்?

இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டியது. ஏனென்றால் உங்கள் கணக்கு, நீங்கள் எழுதியவை, சேர்ந்த குழுக்களின் பட்டியல் எல்லாம் வாழ்வது சர்வரில். கணக்கை அதன் பழைய பதிவுகளோடு அப்படியே தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போக லெம்மியில் வழி இல்லை.

சர்வர்கள் சாகும். 2023 ஜூலையில் விலெம்மி என்ற சர்வர் முன்னறிவிப்பே இல்லாமல் மறைந்தது. அதே மாதம், மாலி நாட்டின் டாட் எம்எல் முகவரிகளை அந்நாடே திரும்ப எடுத்துக்கொள்ள, எஃப்எம்ஹெச்ஒய் என்ற சர்வர் தன் முகவரியை இழந்தது. 2025 ஜூன் கடைசியில், பெரிய சர்வர்களில் ஒன்றான லெம்.ஈஈ மூடப்பட்டது. நடத்தியவர்கள் களைத்துப்போனதாகச் சொன்னார்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு மூடியதற்காக அவர்களைப் பாராட்டலாம். நான் முதலில் சேர்ந்த சர்வரும் ஒரு சனிக்கிழமை காலை திறக்கவில்லை. பெயர் வேண்டாம், யாரோ ஒருவர் கைக்காசு போட்டு நடத்தியதுதான். அறுபது சொச்சம் குழுக்களை நினைவிலிருந்து எழுதி வைத்துக்கொண்டு மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்ந்தேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பார்ப்பவை சில. சர்வரின் முகப்பில், ஓரத்தில், நடத்துபவர்கள் யார் என்று எழுதியிருக்கிறதா? ஒருவருக்கு மேல் இருக்கிறார்களா? மாதச் செலவு எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா? குறைந்தது ஒரு வருடமாவது ஓடியிருக்கிறதா? இவற்றில் எனக்கு முக்கியம் இரண்டாவது. ஒரே ஆள் நடத்தும் சர்வரில் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் சர்வருக்கும் காய்ச்சல்.

அப்புறம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் பாருங்கள். ஒரு சர்வர் இன்னொரு சர்வரோடு உறவை முறித்துக்கொள்ளலாம். 2023 ஜூனில் ரெடிட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தபோது, பீஹா என்ற சர்வர் லெம்மி டாட் வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் துண்டித்தது. அங்கெல்லாம் யார் வேண்டுமானாலும் நொடியில் கணக்குத் தொடங்கலாம். வந்து குவிந்த தொல்லைகளைச் சமாளிக்கப் பீஹாவிடம் போதுமான மட்டுறுத்துநர்கள், அதாவது பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்கள், இல்லை. அமைதியான இடம் வேண்டுமென்றால் அது நல்ல முடிவு. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பவருக்கு அது ஏமாற்றம். ஒவ்வொரு சர்வரும் யாரைத் துண்டித்திருக்கிறது என்ற பட்டியல் அதன் பக்கத்தின் அடியில் இன்ஸ்டன்சஸ் என்ற இணைப்பில் கிடைக்கும்.

லெம்மி டாட் வேர்ல்டு எல்லாவற்றிலும் பெரியது, சேர்வது சுலபம். ஆனால் எல்லாரும் அங்கேயே போய் உட்கார்ந்தால் மறுபடியும் ஒரே முதலாளி கதைதான். லெம்மியை எழுதியவர்களே நடத்துவது லெம்மி டாட் எம்எல். அவர்கள் வெளிப்படையான இடதுசாரிகள், அதை வைத்து அங்கே சண்டை ஓய்வதே இல்லை. பிடிக்காதவர் வேறு சர்வரில் சேர்ந்துவிட்டு அதே மென்பொருளை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். நிரலாளர்களுக்கு புரோகிராமிங் டாட் டெவ், அறிவியல் ஆர்வலர்களுக்கு மேண்டர், கனடாவுக்கு லெம்மி டாட் சிஏ, ஆஸ்திரேலியாவுக்கு ஆஸி டாட் ஸோன் என்று தனித்தனிக் கூடுகளும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்குக் கடைசி இரண்டும் உதவலாம், உள்ளூர்ச் செய்தி அங்கேதான் ஓடும். ஜாயின் லெம்மி என்ற தளத்தில் சர்வர்களின் பட்டியல் இருக்கிறது.

சில சர்வர்கள் சேரும்போதே "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்கும். பலர் இங்கேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். வேலைக்கான நேர்காணல் இல்லை அது. ரோபோக்களை வடிகட்டத்தான் கேட்கிறார்கள். இரண்டு வரி மனிதத்தனமாக எழுதினால் போதும், ஒன்றிரண்டு நாளில் யாராவது பார்த்து அனுமதிப்பார்கள்.

லெம்மி மட்டும்தானா என்றால் இல்லை. பைஃபெட் என்று பைத்தானில் எழுதப்பட்ட மென்பொருள் இருக்கிறது, எம்பின் இருக்கிறது. இரண்டும் லெம்மியோடு பேசும். எம்பின்னுக்கு முன்னோடியான கேபின் நின்றுபோனது. அதன் நிரல் திறமூலமாக இருந்ததால் மற்றவர்கள் எடுத்துத் தொடர்ந்தார்கள்.

இப்போது செயலி

செயலி வெறும் ஜன்னல். பிடிக்கவில்லையென்றால் இன்று மாலையே வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் ஒரு பாத்திரம்கூட இடம் மாறாது. நான் ஒரே கணக்கை மூன்று செயலிகளில் வைத்திருக்கிறேன்.

புதியவருக்கு நான் முதலில் கைகாட்டுவது வாயேஜர். ஆரம்பத்தில் வெஃப்வெஃப் என்ற விசித்திரப் பெயரில் வந்தது. அப்போலோவின் நடை உடை பாவனையை அப்படியே கொண்டுவர முயன்றது. பதிவை விரலால் ஓரமாகத் தள்ளி வாக்களிப்பது, பின்னூட்டங்களை மடக்குவது எல்லாம் அதே மாதிரி. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கும். எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால் பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டில் ஜெர்போவா, லெம்மியை எழுதியவர்களின் தயாரிப்பு. திறமூலச் செயலிகளுக்கான எஃப்-ட்ராய்டு களஞ்சியத்திலும் உண்டு. கவர்ச்சி கம்மி, சொன்ன வேலையைச் செய்யும். (ஜெர்போவா என்பது பாலைவனத்தில் துள்ளித் திரியும் எலி. லெம்மியின் சின்னத்திலும் ஒரு எலி முகம். இந்த ஊரில் கொஞ்சம் எலி வாசனை அடிக்கத்தான் செய்யும்.) ஐபோனில் நல்ல நேர்த்தி வேண்டுமானால் எம்லெம். இரண்டு வகைப் போனுக்கும் தண்டர் இருக்கிறது. ரெடிட்டில் சிங்க், பூஸ்ட் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு அதே ஆட்கள் 2023இலேயே லெம்மிப் பதிப்பு கொண்டுவந்தார்கள். இன்ஃபினிட்டி பிடித்தவர்களுக்கு அதிலிருந்து கிளைத்த எடர்னிட்டி.

பெயர்களைவிட முக்கியம் வேறொன்று. செயலிக் கடையில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை தனி ஆட்கள் சாயங்கால நேரத்தில் எழுதுபவை. ஆர்வம் போனால் செயலியும் போகும். 2023இல் எல்லாரும் கொண்டாடிய மெம்மியும் லிஃப்ட்ஆஃபும் அப்படித்தான் நின்றன. நின்றுபோன செயலி கொஞ்ச நாள் ஓடும், ஆனால் லெம்மி மென்பொருள் மாறும்போது மாட்டிக்கொள்ளும். 2023 டிசம்பரில் 0.19 பதிப்பு வந்தபோது உள்நுழையும் முறையே மாறியது. புதுப்பிக்காத செயலிகள் வாசலிலேயே நின்றன. ஆறு மாதத்துக்கு மேல் அசைவில்லாத செயலியை நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இரண்டாவது, திறமூலமாக இருந்தால் நல்லது. லெம்மிச் செயலியில் உங்கள் கடவுச்சொல்லை நேராக அதனிடமே தட்டுகிறீர்கள். அது அந்தக் கடவுச்சொல்லை என்ன செய்கிறது என்று நான்கு பேர் நிரலைத் திறந்து பார்க்க முடிவது நிம்மதி.

உள்நுழையும்போது ஒரு பொறி இருக்கிறது. பயனர் பெயர் சரி, கடவுச்சொல் சரி, ஆனால் உள்ளே விடாது. மேலே சர்வர் பெயர் என்ற பெட்டியில் வேறு ஏதோ சர்வர் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். வேறு ஊர் வங்கிக் கிளையில் நின்றுகொண்டு நம் லாக்கரைக் கேட்டால் எப்படி? அந்தப் பெட்டியில் உங்கள் சர்வரின் முகவரியைப் போடுங்கள். அநேகமாக எல்லாச் செயலிகளிலும் கணக்கே இல்லாமல் சும்மா உலாவிப் பார்க்கவும் முடியும். சேருவதற்கு முன் இரண்டு நாள் அப்படிச் சுற்றுங்கள் என்பேன்.

உள்ளே போன முதல் நாள் முகப்பு காலியாக இருக்கும், ஏனென்றால் சப்ஸ்கிரைப்டு என்ற பட்டியலில் நீங்கள் இன்னும் எதிலும் சேரவில்லை. ஆல் என்பதற்கு மாற்றுங்கள். வரிசைப்படுத்துவதில் ஆக்டிவ் வேண்டாம். பேச்சு நடக்கும்வரை அதே பத்துப் பதிவுகள் இரண்டு நாள் தலைமேல் நிற்கும். ஸ்கேல்டு என்று ஒன்று இருக்கிறது, சின்னக் குழுக்களின் பதிவுகளையும் மேலே தூக்கிவிடும். பிடிக்காத குழுவை, ஏன், ஒரு முழுச் சர்வரையே உங்கள் கண்ணிலிருந்து மறைத்துக்கொள்ளலாம். கூச்சப்படாமல் மறையுங்கள்.

ரெடிட்டில் இருந்த அளவுக்குக் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸ், திறமூலம், அந்தரங்கப் பாதுகாப்பு, ஸ்டார் ட்ரெக் கேலிப்படங்கள், இவற்றுக்குக் குறைவே இல்லை. உங்கள் மாடல் மிக்சியில் ஏன் சத்தம் வருகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது சிரமம். அதற்கு நான் இன்னும் ரெடிட்டைத்தான் தேடுகிறேன், ஒளிப்பானேன்.

ரகசியம் பேசும் இடமும் இல்லை இது. தனிச்செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை, லெம்மியே அங்கே எச்சரிக்கை போட்டிருக்கிறது. நீங்கள் யாருக்கு மேல்வாக்கு, கீழ்வாக்கு போட்டீர்கள் என்பது சர்வர் நிர்வாகிகளுக்குத் தெரியும். ஒரு பதிவை நீக்கினால் "நீக்கிவிடுங்கள்" என்று எல்லாச் சர்வர்களுக்கும் சேதி போகும். எல்லாரும் கேட்டு நடப்பார்கள் என்று சொல்ல முடியாது.

0.19 பதிப்பில் வந்த ஒரு வசதியை மட்டும் முதல் வாரத்திலேயே பயன்படுத்துங்கள். அமைப்புகள் பக்கத்தில், சேர்ந்த குழுக்கள், மறைத்தவை, சேமித்தவை எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சர்வர் போனாலும் இன்னொன்றில் கணக்குத் தொடங்கி அதை ஏற்றினால் பட்டியல் திரும்பிவிடும். எழுதியவை வராது, சந்தாக்கள் வரும். நான் அறுபது குழுக்களை நினைவிலிருந்து எழுதியபோது இந்த வசதி வந்திருக்கவில்லை.

இன்னொன்று, தமிழ் வாசகர்கள் குறிப்பாக விழும் குழி. லெம்மியின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் என் நண்பர் ஒருவர் தமிழை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேமித்தார். அடுத்த நொடி அவருடைய லெம்மி வெறிச்சோடிவிட்டது. செயலி பழுது என்று நினைத்து இரண்டு முறை நீக்கி நிறுவினார். பெரும்பாலானோர் எழுதும்போது மொழியைக் குறிப்பதே இல்லை, அவை எல்லாம் அன்டிட்டர்மின்டு என்ற தலைப்பில் போய்ச் சேரும். தமிழோடு ஆங்கிலத்தையும் அந்த அன்டிட்டர்மின்டையும் சேர்த்து டிக் செய்யச் சொன்னேன். அப்புறம்தான் பதிவுகள் வரத் தொடங்கின.